கலைந்த பட்டாளத்தின் கொடியைத் தேடுவதும் காப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்தூர், நகரி, புத்தூர், சத்தியவேடு, பலமனேர் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பழைய மதராஸ் பட்டாளத்தில் சிப்பாயாகவோ ஹவில்தாராகவோ இருந்த ஒரு பெரியவர் இருப்பார். அவர் சேர்ந்திருந்த பட்டாளம் இன்று இல்லை. அந்தப் பட்டாளத்தின் கொடி எங்கே போனது, அது கிடைத்தால் என்ன செய்வது, வீட்டுப் பெட்டியில் இருக்கும் பட்டுத் துணி அதுதானா என்று கேட்பவர்களுக்கான பதில்கள் இங்கே.

படைக்கொடி என்று எதைச் சொல்கிறீர்கள்? எல்லாப் பட்டாளத்துக்கும் அது உண்டா?

காலாட்படை பட்டாளம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கொடிகள் இருந்தன. ஒன்று அரசர் கொடி (ராணி காலத்தில் ராணி கொடி). அது பிரிட்டனின் யூனியன் கொடியை அடிப்படையாகக் கொண்டது. இன்னொன்று ரெஜிமென்ட் கொடி. அந்தப் பட்டாளத்துச் சீருடையின் கழுத்துப்பட்டையும் கைமடிப்பும் என்ன நிறமோ அதே நிறத்தில் இருக்கும். நடுவில் படையின் எண்ணும் பெயரும், சுற்றிலும் அது வென்ற போர்களின் பெயர்களும் வரும். இரண்டுமே பட்டு. முற்காலத்தில் சின்னங்களைச் சாயத்தால் வரைந்தார்கள், பிறகு பட்டு நூலாலும் ஜரிகையாலும் தைத்தார்கள்.

எல்லாப் படைக்கும் கொடி கிடையாது என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பீரங்கிப் படைக்குப் பீரங்கியே கொடி. பாலம், பாதை, அரண் வேலை பார்த்த சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற பொறியாளர் படைக்குக் கொடி இல்லை. ரைபிள்ஸ் என்று பெயர் வைத்த படைகளும் கொடி ஏந்துவதில்லை. லைட் இன்ஃபன்ட்ரி (வேகமாக நகரும் காலாட்படை), பயனியர்ஸ் (பாதை போடவும் பழகிய காலாட்படை), கர்நாடிக் இன்ஃபன்ட்ரி (மதராஸ் காலாட்படைகள் பலவற்றுக்குப் பின்னாளில் வந்த பெயர்) ஆகியவை ஏந்தின. உங்கள் பாட்டனார் எந்த வகைப் படை என்று தெரிந்துகொண்டாலே, இல்லாத ஒன்றைத் தேடி அலைவது மிச்சம்.

மதராஸ் படையில் எந்தெந்தப் பட்டாளங்கள் எப்போது கலைக்கப்பட்டன?

ஒரே நாளில் நடந்ததல்ல. 1862 முதல் 1864க்குள் 12 காலாட்படைகள் போயின. 1882இல் இன்னும் 8. 1902 முதல் 1904க்குள் 3. 1907இல் 2. 1922இல் 4. மிஞ்சியவை 1923க்கும் 1933க்கும் இடையில் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன.

நம் வட்டாரத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் கேட்பது கடைசிக் கட்டத்தைப் பற்றித்தான். 1903இல் எஞ்சியிருந்த மதராஸ் படைகளின் எண்ணோடு 60ஐக் கூட்டிப் புது எண் கொடுத்தார்கள். 3ஆம் படை 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி ஆனது. 20ஆம் படை 80ஆம் கர்நாடிக் இன்ஃபன்ட்ரி ஆனது. முதல் உலகப்போர் முடிந்து 1922இல் 73, 75, 79, 83, 86 ஆகியவற்றைச் சேர்த்து 3ஆம் மதராஸ் ரெஜிமென்ட் என்று ஆக்கினார்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்று அதையும் 1928க்குள் கலைத்துவிட்டார்கள். 63, 80, 88 ஆகியவை 1920களின் தொடக்கத்திலேயே போய்விட்டன. பயனியர்ஸ் படைகள் 1933 வரை தாக்குப்பிடித்தன.

கலைந்த பட்டாளத்தின் கொடி வழக்கமாக எங்கே போகும்?

இந்தக் கேள்விக்குத்தான் நின்று நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கும் பட்டாளம் தன் பழைய கொடியைத் தானே பார்த்துக்கொள்ளும். அதற்கு ஒரு மையம், ஒரு மெஸ் (அதிகாரிகள் கூடி உண்ணும் இடம்), ஒரு காவல் அறை, பொறுப்புள்ள ஒரு அதிகாரி இருப்பார்கள். கலைந்த பட்டாளத்துக்கு இதில் எதுவும் கிடையாது. கொடியின் பயணம் அதைக் கடைசியாகக் கையில் வைத்திருந்த மனிதர்களின் பயணமாக ஆகிவிடுகிறது. அதனால் பட்டாளம் வென்ற போர்களைப் படித்துக்கொண்டிருப்பதைவிட, அது கலைந்த ஆண்டின் தாள்களைத் தேடுவது பலன் தரும். அப்போது எந்த ஊரில் முகாம் இட்டிருந்தது? தளபதி யார்? ஆட்களை எந்தப் படைக்கு மாற்றினார்கள்? மெஸ் சாமான்களை யாரிடம் ஒப்படைத்தார்கள்? இந்த நான்கில் ஒன்றுக்காவது விடை கிடைத்தால் கொடி போன திசை தெரியும்.

பிரிட்டிஷ் படைகளில் பயன் முடிந்த கொடியைத் தேவாலயத்தில் வைப்பது மரபு. தளபதியே தன்னுடையது என்று ஊருக்கு எடுத்துப் போவதும் நடந்தது. துண்டு துண்டாக வெட்டி அதிகாரிகள் பங்கு போட்டுக்கொண்டதும் உண்டு. ஆகவே ஒரு முழுக் கொடிதான் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சட்டகம் போட்ட ஒரு சாண் பட்டுத் துண்டாகக்கூட அது எங்காவது இருக்கலாம்.

கேட்க வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் பழைய படைக்கொடிகள் உண்டு, அதை முதலில் பாருங்கள். நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையம் அடுத்தது. இரண்டாம் உலகப்போரின்போது மதராஸ் ரெஜிமென்ட்டைத் திரும்ப எழுப்பினார்கள், பழைய கர்நாடிக் படைகளின் மரபும் போர்ப் பெருமைகளும் அதற்கு வந்து சேர்ந்தன. பயனியர்ஸ் குடும்பம் என்றால் பெங்களூருக்கு எழுதுங்கள். 1933இல் அந்த ஆட்களில் பலர் மதராஸ் சாப்பர்ஸ் படைக்கு மாறினார்கள், அந்த மையத்தின் அருங்காட்சியகம் பெங்களூரில் இருக்கிறது. அங்கே பிரிகேட் ரோடு முனையில் நிற்கும் நினைவுத்தூண் மதராஸ் பயனியர்ஸுக்கு எடுத்தது என்பது அதைக் கடந்து போகும் பலருக்குத் தெரியாது. லண்டனில் தேசிய ராணுவ அருங்காட்சியகம் இந்தியப் படைப்பொருள்களைப் பெரிய அளவில் வைத்திருக்கிறது, அதன் பட்டியலை இணையத்தில் தேடலாம். டேராடூன் இந்திய ராணுவ அகாடமியின் செட்வுட் மண்டபத்தில் 23 நவம்பர் 1950 அன்று அரசர் கொடிகளை முறைப்படி வைத்தார்கள். ஆனால் அவை அன்றைக்கு உயிரோடிருந்த ரெஜிமென்ட்களின் கொடிகள். 1922இல் கலைந்த படைக்கு அங்கே முதலில் போக வேண்டாம்.

எங்கள் பாட்டனார் பட்டாளத்தில் இருந்தார் என்பது மட்டும்தான் தெரியும். எங்கிருந்து தொடங்குவது?

பென்ஷன் தாள், பதக்கம், டிஸ்சார்ஜ் சான்று ஆகிய மூன்றையும் வீட்டில் தேடுங்கள். முதல் உலகப்போர்ப் பதக்கத்தின் விளிம்பில் ஆளின் எண், பதவி, பெயர், படை எல்லாம் பொறித்திருக்கும். வெள்ளிப் பதக்கத்தைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். சாய்ந்த வெளிச்சத்தில் போனில் படம் எடுத்தால் கண்ணுக்குத் தெரியாததும் தெரியும்.

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பாருங்கள். மெசபடோமியாவில் (இன்றைய இராக்) இறந்தவர்கள் பலரின் பெயர்கள் பாஸ்ரா நினைவிடத்தின் கீழ் வரும். பெயரை ஆங்கில எழுத்தில் நான்கைந்து விதமாக மாற்றிப் போட்டுத் தேட வேண்டியிருக்கும். முனுசாமி என்ற ஒரு பெயரை எழுத்தர்கள் எத்தனை விதமாக எழுதினார்கள் என்று பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

எல்லைக்காரர்கள் கவனிக்க வேண்டியது மாவட்டப் பெயர். சித்தூர் மாவட்டம் பிறந்தது 1911 ஏப்ரலில். அதற்கு முன் சித்தூர் ஊர் வட ஆற்காட்டின் தலைநகரம். ஆகவே 1911க்கு முன் பட்டாளத்தில் சேர்ந்தவரின் ஊர் வட ஆற்காடு என்றே பதிவாகியிருக்கும். சத்தியவேடு பக்கத்துக்காரர்கள் செங்கல்பட்டு மாவட்டத்தின் கீழ் தேட வேண்டும். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றியபோதுதான் சத்தியவேடு ஆந்திராவுக்கும் திருத்தணி தமிழ்நாட்டுக்கும் போயின. திருத்தணிக்காரர் 1914இல் சேர்ந்திருந்தால் அவர் சித்தூர் மாவட்டத்துக்காரர். இன்றைய வரைபடத்தை வைத்துத் தேடினால் சொந்தப் பாட்டனாரே கிடைக்காமல் போவார்.

அதேபோல் இனம் என்ற கட்டத்தில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம், பறையர் மற்றும் கிறித்தவர் என்று பட்டாளத்தார் ஆட்களைப் பிரித்து எழுதினார்கள். நம் பக்கத்தில் இரண்டு மொழியும் பேசுகிறவர்களை எழுத்தர் எதில் போட்டார் என்று நிச்சயமில்லை, எல்லாவற்றிலும் பாருங்கள். நிலப் பட்டாவே இல்லாதிருந்த பல குடும்பங்களுக்கு இந்தப் பட்டாளத்துப் பதிவுதான் பாட்டன் பெயரும் ஊர் பெயரும் சேர்ந்து நிற்கும் முதல் அரசுத் தாள். கொடியைத் தேடிப் போய் அது கிடைக்காவிட்டாலும், அந்த ஒரு வரி கிடைத்தவர்களுக்கு அதுவே பெரிய சொத்து.

எந்த ஆவணக் காப்பகத்தில் என்ன இருக்கும்?

1895க்கு முன் மதராஸ் மாகாணத்துக்குத் தனிப் படை இருந்தது. அந்தக் காலத்து ராணுவத் துறைத் தாள்கள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1895இல் மூன்று மாகாணப் படைகளும் ஒன்றான பிறகு, புது டில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். அதன் அபிலேக் படல் தளத்தில் வீட்டிலிருந்தே தலைப்புகளைப் பார்க்கலாம். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளில் இரண்டு காலமும் உண்டு.

ஆர்மி லிஸ்ட் என்ற அச்சுப் பட்டியலை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு படையும் அப்போது எந்த ஊரில் இருந்தது, அதிகாரிகள் யார் என்று அதில் வரிசையாக இருக்கும். மேலே சொன்ன நான்கு கேள்விகளில் இரண்டு அங்கேயே தீர்ந்துவிடும்.

வேலூர்க் கோட்டையில் 1806இல் ஏற்றிய கொடியும் இந்த வகையா?

இல்லை. 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கோட்டையில் ஏற்றியது திப்புவின் மைசூர்க் கொடி. பட்டாளத்துக் கொடி அல்ல. அந்தக் கிளர்ச்சிக்காகக் கலைக்கப்பட்டவை 1ஆம் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனும் 23ஆம் ரெஜிமென்ட்டின் இரண்டாம் பட்டாலியனும். அந்த எண்களையே பட்டியலிலிருந்து அடித்துவிட்டு 24, 25 என்று புதுப் படைகளை எழுப்பினார்கள். அவற்றில் இருந்த சிப்பாய் குடும்பங்கள் விசாரணைக் குழுவின் தாள்களைத் தேடுவது நல்லது. பெயர், வாக்குமூலம், தண்டனை எல்லாம் அவற்றில் வருகின்றன. எழும்பூரிலும் லண்டனிலும் இரண்டு இடத்திலும் பாருங்கள்.

பாலக்காட்டுச் சொந்தக்காரர் மாப்ளா ரைபிள்ஸ் கொடியைத் தேடுகிறார். கிடைக்குமா?

77, 78 என்ற எண்களில் இருந்த மாப்ளா ரைபிள்ஸ் படைகள் 1907இல் கலைக்கப்பட்டவை. ரைபிள்ஸ் என்பதால் அந்தப் பெயரில் படைக்கொடி இருக்காது. ஆனால் அவை ரைபிள்ஸ் ஆவதற்கு முன் சாதாரண மதராஸ் காலாட்படைகள். அந்தப் பழைய எண்ணில் கொடி இருந்திருக்கும். அதைத்தான் தேட வேண்டும்.

வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு பட்டுத் துணி இருக்கிறது. அது படைக்கொடிதானா, எந்தக் காலம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலும் படைக்கொடியாக இருப்பதில்லை. சின்னச் சதுரமாக, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இருந்தால் அது முகாமில் எல்லை காட்ட நட்ட கொடி. எகிப்திலும் மெசபடோமியாவிலும் சிப்பாய்கள் வாங்கி வந்த, கொடிகளும் கிரீடமும் தைத்த நினைவுத் துணிகளும் உண்டு. இவை படைக்கொடி அல்ல என்பதால் மதிப்பில்லாதவை என்று நினைக்காதீர்கள். பாதுகாப்பு முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

உண்மையான படைக்கொடியில் கம்பைச் செருக ஒரு பக்கம் உறைபோலத் தைத்திருக்கும். இரண்டு பக்கமும் வேலைப்பாடு முழுமையாக இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் கொடி மிகப் பெரியது, ஏறக்குறைய ஆறரை அடிக்கு ஆறடி. 1858இல் அதை நான்கு அடிக்கு மூன்றரை அடியாகக் குறைத்து விளிம்பில் குஞ்சம் வைத்தார்கள். 1868க்குப் பின் மூன்றே முக்கால் அடிக்கு மூன்று அடி. ஆகவே குஞ்சம் இருந்தால் 1858க்குப் பிந்தையது என்று முதல் கணக்கு போடலாம். கம்பின் நுனியும் கிடைத்தால் இன்னும் நல்லது. ஈட்டி முனை என்றால் பழையது, கிரீடத்தின் மேல் சிங்கம் நின்றால் 1858க்குப் பின்.

அப்புறம் யூனியன் சின்னத்தைப் பாருங்கள். மூலைக்கு மூலை சாய்வாகப் போகும் வெள்ளைப் பட்டைக்குள் சிவப்புப் பட்டை இல்லாவிட்டால் அது 1801க்கு முன்பு உள்ள வடிவம். எழுத்தில் நேட்டிவ் என்ற சொல் இருந்தால் 1885க்கு முன். கர்நாடிக் இன்ஃபன்ட்ரி என்றோ 60க்கு மேற்பட்ட எண்ணோ இருந்தால் 1903க்குப் பின். மேலே குவிந்த வளைவுள்ள டியூடர் கிரீடம் என்றால் 1901க்குப் பிந்தைய அரசர்கள் காலம்.

போர்ப் பெயர்கள் இன்னும் தெளிவாகப் பேசும். யானையும் அசாய் என்ற பெயரும் சேர்ந்து இருந்தால், 1803 செப்டம்பர் 23 அன்று அசாயில் சண்டையிட்ட படை அது. ஆம்பூர் என்று இருந்தால் அது 10ஆம் மதராஸ் படை, அந்தப் பெருமை அதற்கு மட்டுமே உரியது. சோளிங்கர் என்ற பெயரைப் பார்த்தால் நம் பக்கத்துக்காரர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். 1781 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் அங்கே ஹைதர் அலியோடு மோதினார். ஆனால் அந்தப் பெயரைக் கொடியில் போட்டுக்கொள்ள அனுமதி வந்தது 1889இல்தான். ஆகவே சோளிங்கர் என்று இருப்பதால் கொடி ஹைதர் காலத்தது ஆகிவிடாது.

தாத்தா போர்க்களத்தில் கொடியைக் காப்பாற்றி உடம்பில் சுற்றிக்கொண்டு வந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். நம்பலாமா?

கதையை அப்படியே எழுதி வையுங்கள், யார் சொன்னார்கள், எந்த ஆண்டு சொன்னார்கள் என்று சேர்த்து. அப்புறம் காலத்தோடு ஒப்பிடுங்கள். பிரிட்டிஷ் படை கொடியைச் சண்டைக்குக் கொண்டுபோன கடைசிச் சம்பவம் 1881 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் லேங்ஸ் நெக்கில் நடந்தது. முதல் உலகப்போரில் கொடிகள் போர்முனைக்குப் போகவில்லை. 63ஆம் பாளையங்கோட்டைப் படையும் 61ஆம் பயனியர்ஸும் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கினார்கள். அங்கே போய் வந்த பெரியவர் கொண்டுவந்தது படைக்கொடியாக இருக்க வாய்ப்பில்லை. வேறு ஒரு அடையாளக் கொடியாக இருக்கலாம். அவர் எதையோ காப்பாற்றிக் கொண்டுவந்தார் என்பது அதனால் பொய்யாகிவிடாது.

ஆங்கிலேயன் கொடியை நாம் ஏன் காக்க வேண்டும்?

இளைஞர்கள் இதைக் கோபத்தோடே கேட்கிறார்கள், அந்தக் கோபம் நியாயமானது. அந்தக் கொடியின் கீழ் நடந்த அநியாயங்கள் பல. திப்புவின் மண்ணையும் பாளையக்காரர்களின் மண்ணையும் பிடித்தது அந்தப் படைதான். ஆனால் அதைத் தூக்கியவர்களும் காவல் காத்தவர்களும் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள். பஞ்சத்திலும் சாதிக் கொடுமையிலும் இருந்து மீள வேறு வழி இல்லாமல் பட்டாளத்துக்குப் போனவர்கள் அதில் நிறைய. அதிகாரிகளின் பெயர்கள் அச்சுப் புத்தகங்களில் உள்ளன. சிப்பாயின் பெயர் அவனுடைய படையோடு சேர்ந்து மறைந்துபோனது. கொடியைக் காப்பது ராஜாவுக்கு மரியாதை செய்ய அல்ல. அந்த ஆட்களின் தடயத்தை இழக்காமல் இருக்கத்தான். வேலூரில் எதிர்த்து நின்றவர்களும் இதே படைக்காரர்கள்தான்.

பழைய பெட்டியைத் திறந்ததும் என்ன செய்ய வேண்டும்?

விரிக்காதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நூறு வருடமாக மடித்து வைத்த பட்டு மடிப்பில்தான் முதலில் உடையும். எப்படி இருக்கிறதோ அப்படியே பல கோணங்களில் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து. பெட்டியில் கூடவே இருக்கும் தாள், கயிறு, உதிர்ந்த நூல், குஞ்சம் எதையும் குப்பை என்று போடாதீர்கள். உதிர்ந்தவற்றை ஒரு காகித உறையில் போட்டுத் தேதி எழுதுங்கள்.

கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் வேண்டாம். பருத்திக் கையுறை போடச் சொல்லுவார்கள், ஆனால் பிரிந்த நூலில் அது மாட்டி இழுக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் நைட்ரைல் கையுறை மேல். தூக்குவதென்றால் துணியைத் தூக்காமல், அடியில் ஒரு கெட்டி அட்டையைச் செருகி அட்டையோடு தூக்குங்கள்.

துவைக்கலாமா? கறுத்துப்போன ஜரிகையைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்குமே?

கூடவே கூடாது. தண்ணீர் பட்டால் சாயம் கலங்கும், வரைந்த சின்னம் பெயர்ந்து வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடையைக் கூட்டப் பட்டில் தகர உப்பை ஏற்றினார்கள். அந்தப் பட்டு தானாகவே கண்ணாடிபோல் நொறுங்கும். ஜரிகை என்பது தங்கப் பூச்சுள்ள வெள்ளிக் கம்பி. புளியோ எலுமிச்சையோ விபூதியோ பட்டால் மேல் பூச்சு போய்விடும், அடியில் இருக்கும் நூலும் அரித்துப்போகும். கறுப்பாக இருந்தால் கறுப்பாகவே இருக்கட்டும். இஸ்திரிப்பெட்டிக்கும் வெயிலுக்கும் இதே பதில்.

சரி, வீட்டில் எப்படித்தான் வைப்பது?

துணி தாங்கும் நிலையில் இருந்தால் தட்டையாக வைப்பது முதல் தேர்வு. இடம் இல்லாவிட்டால் நான்கு அங்குலத்துக்குக் குறையாத விட்டமுள்ள அட்டைக் குழாயில் சுருட்டலாம். குழாயின் மேல் அலுமினியத் தாள் சுற்றி, அதன்மேல் கஞ்சி முழுவதும் போக வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசிக் காயவைத்த காடாத் துணியைச் சுற்றுங்கள். வேலைப்பாடு வெளிப்பக்கமாக வருமாறு, இறுக்காமல் சுருட்ட வேண்டும். சாயத்தால் வரைந்த கொடியைச் சுருட்டவே கூடாது. நியூஸ்பேப்பர், பிளாஸ்டிக் கவர், வண்ணத் துணி இவற்றில் சுற்ற வேண்டாம். தேக்கு அலமாரி நல்லது என்று நினைப்போம், ஆனால் மரத்திலிருந்து வரும் அமில ஆவி பட்டுக்கு ஆகாது. பூச்சு அடித்த இரும்புப் பீரோ மேல்.

நம் பக்கத்துக் கோடைச் சூடு ஒரு தொல்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் நகரி, சத்தியவேடு வீடுகளில் ஏறும் ஈரம் அதைவிடப் பெரிய தொல்லை. வெளிச்சுவரை ஒட்டியும் தரையோடும் மாடி ஓட்டுக்கு அடியிலும் வைக்காமல், வீட்டின் நடு அறையில் வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி, அதிக ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தால் நல்லது. சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். அந்துருண்டை துணியில் படக்கூடாது, வேப்பிலையும் நேராகப் படக்கூடாது. இரண்டையும் நம்பி இருக்காமல், மாதம் ஒருமுறை திறந்து வெள்ளிமீனும் புழுவும் இருக்கிறதா என்று பார்ப்பதே நல்ல மருந்து. பூச்சி கண்டால் துணியை மற்ற துணிகளிலிருந்து பிரித்து வைத்துவிட்டு வல்லுநரைக் கேளுங்கள். பூச்சி மருந்து தெளிக்காதீர்கள்.

பூஜை அறையில் வைத்துப் பூஜிக்கிறோம். தவறா?

தவறு என்று சொல்ல எனக்கு மனம் வராது. பெரியவர்மேல் இருக்கும் பக்தி அது. ஆனால் கற்பூரப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு, குங்குமம், விளக்கு வெளிச்சம் எல்லாமே பட்டுக்கு எதிரி. நல்ல படம் எடுத்துத் துணியில் அச்சிட்டோ, தறி இருக்கும் நம் ஊர்களிலேயே நெய்து வாங்கியோ ஒரு படி செய்து பூஜையில் வையுங்கள். ஆயுத பூஜைக்கு மாலை போடுவதும் அந்தப் படிக்கே. அசல் பீரோவில் இருக்கட்டும். சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டுவதானாலும் படியை மாட்டுங்கள். அருங்காட்சியகத்தில்கூடப் பட்டுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்துக்கு மேல் விடமாட்டார்கள். நம் வீட்டுக் கூடத்தில் பகலில் அதைப்போலப் பல மடங்கு வெளிச்சம்.

கிழிசலைத் தைக்கலாமா? வல்லுநர் எங்கே கிடைப்பார்?

வீட்டு ஊசியால் தைக்க வேண்டாம், பசை போட்டு ஒட்டவும் வேண்டாம். பழைய காலத்தில் கிழிந்த கொடியை வலைக்குள் வைத்துத் தைத்துவிடுவார்கள், அந்த வலையின் நூலே பிறகு பட்டை அறுத்தது. இப்போது மெல்லிய பட்டுத் துணியைத் தாங்கலாக வைத்துச் செய்கிறார்கள். அது பயிற்சி உள்ளவர் வேலை.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் பொருள் பாதுகாப்புக்கான வேதியியல் ஆய்வகம் இயங்குகிறது. லக்னோவில் உள்ள தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகத்தின் வட்டாரக் கிளை மைசூரில் இருக்கிறது. சித்தூரிலிருந்து பக்கம் என்றால் பெங்களூரில், பாரம்பரியச் சொத்துகளைக் காக்கும் இன்டாக் அமைப்பின் பாதுகாப்பு மையம். முதலில் படங்களை அனுப்பிக் கேளுங்கள். பொருளை எடுத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டாம்.

விற்கலாமா? வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் விலை கேட்கிறார்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இத்தகைய பொருளைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இன்றைக்கு 1922க்கு முந்தைய கொடி எல்லாமே அந்தக் கணக்கில் வந்துவிட்டது. பதிவு செய்ய வேண்டுமா என்பதைத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். விலைக்கு விற்றால் கொடி போகும், அதோடு அது எந்த வீட்டில் யாரிடம் இருந்தது என்ற சங்கிலியும் அறுந்துபோகும். எனக்கு அதில் சம்மதமில்லை.

அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதா, வீட்டிலேயே வைப்பதா?

நல்ல நிலையில் வைக்க வசதி இல்லாவிட்டால் கொடுப்பதே மேல். ஆனால் வாய்மொழியாகக் கொடுக்காதீர்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பெரியவரின் பொருள்களை ரசீது இல்லாமல் ஒரு இடத்தில் ஒப்படைத்தது. அங்கே ஆட்கள் மாறிய பிறகு அப்படி ஒன்று வந்ததாகவே யாருக்கும் தெரியவில்லை. பொருளின் படம், பதிவேட்டு எண், கொடையா இரவலா என்ற விவரம், குடும்பத்தார் வந்து பார்க்கும் உரிமை இவை நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். குடும்ப வரலாற்றையும் ஒரு தாளில் தட்டச்சு செய்து கூடவே கொடுத்து, அதற்கும் கையெழுத்து வாங்குங்கள்.

ரெஜிமென்ட் மையத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ கடிதம் எப்படி எழுதுவது?

சுருக்கமாக எழுதுங்கள். குடும்பப் பெருமையை ஒரு வரியோடு நிறுத்துங்கள். ஆளின் பெயரை எல்லா ஆங்கில எழுத்து வடிவங்களிலும், அவருடைய எண், பதவி, படையின் 1903க்கு முந்தைய எண், பிந்தைய எண், ஊர், அந்தக் காலத்து மாவட்டம் ஆகியவற்றைப் போடுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் படை கலைந்தபோது அதன் கொடியும் மெஸ் பொருள்களும் யாரிடம் ஒப்படைக்கப்பட்டன என்பதற்குப் பதிவு உண்டா? எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்டால் பதில் வராது. பதக்கத்தின் படம் ஒன்றை இணையுங்கள். முன்னாள் ராணுவத்தினர் குடும்பம் என்றால் மாவட்ட சைனிக் நல அலுவலகம் வழியாக அனுப்புவது நல்லது. ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டால் முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள். வந்த பதில் எதிர்மறையாக இருந்தாலும் கோப்பில் வையுங்கள், அடுத்த இடத்துக்கு எழுதும்போது அதன் நகலையும் இணைக்க வேண்டியிருக்கும்.